ஆமெனுக்குப் பிறகு

என் மகள் ஆண்டவரிடம் சொன்னதை நான் ஊருக்குச் சொன்னேன். அந்தப் பழி ஒரு வயோதிபப் பெண்ணின்மேல் விழுந்தபோது, விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதுதான் விஷயம். இதற்குமேல் வாசிக்க விருப்பமில்லை என்றால் நீங்கள் இங்கேயே நிறுத்தலாம். நான் குறை நினைக்கமாட்டேன். ஆனால் எங்கள் ஆலயத்துக்கு வருகிறவராக இருந்தால், தயவுசெய்து வாசியுங்கள். ஏனென்றால் நாளை ஆராதனை முடிந்ததும் உங்கள் முன்னால் நின்று, தலைமுறைகளை இணைக்கும் அன்பைப்பற்றி இருபது நிமிடம் பேசப்போகிறவன் நான்தான்!

சிரிக்காதீர்கள். போதகர் என்னைத் தேடி வந்து கேட்டார். "உங்கட வீட்டைப்போல இன்னொரு வீடு எங்கட சபையில இல்லை. மகளும் நீங்களும் இண்டைக்கும் ஒண்டா இருந்து ஜெபிக்கிறீங்கள். அதை நாலு பேர் கேக்கவேணும்" என்றார். நான் தலையைக் குனிந்தேன். அவர் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்.

காலையிலிருந்து இந்த மேசையில் உட்கார்வதும் எழுவதுமாக இருக்கிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக் கண்ணாடி அதிரும். எத்தனை ரயில் போய்விட்டது! பேச்சுக்கு என்று எடுத்த தாளில் இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது... என் அப்பாவிலிருந்து தொடங்குகிறேன்.

என் அப்பா ஒவ்வொரு மாலையும் ஜெபித்தார். புத்தகத்தில் அச்சடித்திருந்ததை, ஒரு சொல் கூடாமல் குறையாமல் வாசித்தார். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு முட்டுக்காலில் இருந்தோம். இருபது வருடம் அவரோடு முழங்காலில் நின்றேன். அவருக்கு எதிலே பயம், எதிலே ஆசை, எங்களில் யாரைப்பற்றி அவருக்குக் கவலை... ஒன்றும் எனக்குத் தெரியாது. அவர் போன பிறகும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரைப்பற்றிக்கூட எனக்கு அதைவிட அதிகம் தெரிந்திருந்தது.

எனக்கென்று ஒரு பிள்ளை பிறந்தபோது, என் வீட்டில் இப்படி நடக்கக்கூடாது என்று முடிவெடுத்தேன். ஜெரூஷாவுக்கு ஆறு வயதானபோது எங்கள் வீட்டு வழக்கம் தொடங்கியது. மாலை ஏழு மணி. பாய் விரித்து மூவரும் உட்காருவோம். புத்தகம் கிடையாது. ஒவ்வொருவரும் சொந்த வாயால், சொந்தப் பேச்சில் ஜெபிக்கவேண்டும். இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில். அப்படியென்றால் முதலில் ஜெரு, பிறகு என் மனைவி மலர், முடிவில் நான்.

அதோடு ஒரு சட்டமும் போட்டேன். ஜெபத்திலே யார் என்ன சொன்னாலும், ஆமெனுக்குப் பிறகு அதைப்பற்றிக் கேள்வி இல்லை. கோபம் இல்லை, புத்திமதி இல்லை. அது ஆண்டவரோடு பேசிய பேச்சு. நாங்கள் பக்கத்தில் இருந்தோம், அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தின் அழகை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஏழு வயதில் ஒருநாள் ஜெரு, "ஆண்டவரே, அப்பாட கண்ணாடியை நான்தான் உடைச்சனான். கட்டிலுக்குக் கீழ இருக்கு. அவர் பாக்காமச் செய்யுங்கோ, ஆமென்" என்றாள். கண்ணாடி இல்லாமல் இரண்டு நாள் தடவித் திரிந்துகொண்டிருந்தவன் நான். மலர் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்கு ஓடினாள். நான் ஒரு சொல் கேட்கவில்லை. அடுத்த நாள் புதுக் கண்ணாடிக்குக் கொடுத்தேன்.

பத்து வயதில் ஒரு சிநேகிதியை அடித்ததைச் சொன்னாள். பதினான்கில் கணக்குப் பரீட்சையில் பார்த்துக் கொப்பி அடித்ததைச் சொன்னாள். அம்மாவில் கோபம் என்று அம்மாவை வைத்துக்கொண்டே சொன்னாள். ஆண்டவரை அவள் ஆலயத் தமிழில் 'நீர்' என்று சொன்னதேயில்லை. 'நீங்க' என்றுதான் சொல்வாள், பக்கத்துக் கதிரையில் இருக்கும் ஒருவரோடு கதைப்பதுபோல. பன்னிரண்டு வருடம் அந்தச் சட்டத்தை நான் காத்தேன். அதில் எனக்குப் பெருமை... அளவில்லாத பெருமை!

என் தொழிலும் அப்படித்தான். காலி வீதியில் ஒரு மருந்துக்கடையில் இருபத்தெட்டு வருடமாக மருந்து கொடுக்கிறேன். இந்தப் பகுதியில் யாருக்கு என்ன நோய், யார் நித்திரைக் குளிசை இல்லாமல் படுப்பதில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அப்படிப்பட்ட நான்தான் இதைச் செய்தேன் என்றால் நீங்கள் நம்புவீர்களா?

நான்கு வருடத்துக்கு முன்னால், ஜெருவுக்குப் பதினெட்டு வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். ஞாயிறு பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தாள். அந்த வருடம் சபையில் ஒரு புதிய ஏற்பாடு செய்தார்கள். வாலிபர் ஒவ்வொருவருக்கும் சபையிலே வயது போன ஒருவர். சனிக்கிழமைகளில் போய்ப் பார்க்கவேண்டும், பேசவேண்டும், ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கவேண்டும். யோசனை என்னுடையது. சபையை நடத்தும் மூப்பர்களில் நானும் ஒருவன். கூட்டத்தில் நானே எழும்பிச் சொன்னேன், நானே பெயர்களைச் சோடி சேர்த்தேன்.

ஜெருவுக்கு நான் கொடுத்த பெயர், கொட்டாஞ்சேனையில் தனியாக இருந்த ஞானம் அன்ரி.

ஞானம் அன்ரிக்கு அப்போது எழுபத்தெட்டு. கல்யாணம் செய்யவில்லை. தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவர். வெளியூர் அழைப்பு என்றால் காத்திருந்து, கையாலே கம்பி சொருகி இணைத்துக் கொடுத்த காலத்து ஆள். நகைக்கடைகள் உள்ள தெருவிலிருந்து உள்ளே திரும்பினால், செங்குத்தான மரப்படி ஏறி ஓர் அறை. முழங்கால் வருத்தத்தால் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும், திருவிருந்து எடுப்பதற்காக ஓட்டோவில் ஆலயத்துக்கு வருவார். வாய் பொல்லாதது. அதனால்தான் வேறு யாரும் அவரிடம் போக விரும்பவில்லை.

ஜெரு முதல் சனிக்கிழமை முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் போனாள். கோட்டைவரை ரயில், அங்கிருந்து பஸ். இரண்டாவது சனிக்கிழமை தானாகப் போனாள். மூன்றாவது மாதம், புதன்கிழமையும் போகத் தொடங்கினாள்.

என்ன செய்தார்கள் தெரியுமா? கரம் பலகை வைத்து விளையாடினார்கள். அன்ரி ஈவிரக்கமில்லாமல் விளையாடுவாராம். தோற்கப்போகிறார் என்றால் கையால் காயைத் தட்டிவிட்டு, ரயில் போன அதிர்வு என்பாராம், ரயில் பாதையே இல்லாத கொட்டாஞ்சேனையில்! வேதபாடம் படிக்கிறார்கள், ஜெபிக்கிறார்கள் என்று கூட்டத்தில் நான் அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டதால் அவளைக் கூட்டிவரப் போனேன். படி ஏறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. என் மகளின் சிரிப்பு... அப்படி ஒரு சிரிப்பை நான் வீட்டில் கேட்டு எவ்வளவு காலம்! பாதிப் படியில் நின்று கேட்டேன். பிறகு கதவைத் தட்டினேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. ஜெரு குடையை எடுத்துக்கொண்டு, "வாங்கோ அப்பா, போவம்" என்றாள்.

அந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ புளித்தது. சோடி சேர்த்தவன் நான். அவர்கள் ஒட்டிக்கொண்டால் நான் சந்தோஷப்படவேண்டும் அல்லவா? நான் ஏன் படவில்லை? எனக்கு அதன் பெயர் அப்போதே தெரியும். பொறாமை. எழுபத்தெட்டு வயது மனுசியில் பொறாமை!

அதற்கு இரண்டு கிழமை கழித்து, ஒரு திங்கட்கிழமை. மலர் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறாள். அன்று அவளுக்கு மாலைமுறை. பாயில் ஜெருவும் நானும் மட்டும். அவள் கண்ணை இறுக்கி மூடினாள். பிறகு சொன்னாள்.

"ஆண்டவரே, நீங்க இருக்கிறீங்களோ எண்டு எனக்குத் தெரியேல்ல. கனநாளாத் தெரியேல்ல. பிள்ளையளுக்குப் படிப்பிக்கேக்க வாய் சொல்லுது, உள்ளுக்க ஒண்டும் இல்லை. ஞானம் அன்ரிக்கு மட்டும்தான் சொன்னனான். இண்டைக்கு உங்களுக்கும் சொல்லுறன். இருந்தா, எனக்கு ஒருக்காத் தெரியப்படுத்துங்கோ. ஆமென்."

நான் என்னுடைய ஜெபத்தைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாயைச் சுருட்டினேன்.

அந்தப் பார்வையின் அர்த்தம் புரிய எனக்கு வருடங்கள் எடுத்தன. உள்ளத்தில் இருப்பதை ஆண்டவருக்குச் சொல்லித்தான் தெரியவேண்டுமா? அவள் எனக்குத்தான் சொன்னாள். நேரே சொல்லப் பயந்து, என் சட்டத்துக்குள் வைத்துச் சொன்னாள். என் தகப்பனிடம் ஒருநாளும் எனக்குக் கிடைக்காத ஒன்றை, அன்று மாலை என் மகள் என் மடியில் கொண்டுவந்து வைத்தாள்!

எனக்கு அப்போது கேட்டதோ ஒரே ஒரு வரி. 'ஞானம் அன்ரிக்கு மட்டும்தான் சொன்னனான்.'

வியாழக்கிழமை மூப்பர் ஜெபக்கூட்டம். ஆலயத்துக்குப் பின்னாலுள்ள சிறிய அறையில் ஆறு பேர். "விண்ணப்பங்கள் ஏதும்?" என்று கேட்டார்கள். உங்களுக்கும் இந்த வழக்கம் தெரியும். நேரே சொன்னால் கோள். ஜெப விண்ணப்பம் என்று சொன்னால் அடுத்தவருக்காகச் சுமக்கும் பாரம். ஒருவரின் அந்தரங்கம் எங்களிடையே இப்படித்தான் கைமாறும், கண்ணை மூடிக்கொண்டு, பக்தியோடு.

நான் பெயர் சொல்லவில்லை. "வாலிப வயதில் ஒரு பிள்ளை. ஆண்டவர் இருக்கிறாரா என்றே சந்தேகப்படுகிறது. ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிற பிள்ளை..." என்றேன். என் குரல் உடைந்தது. பெயர் வேறு வேண்டுமா? பக்கத்தில் இருந்தவர் என் தோளில் கை வைத்தார். எனக்காகக் கண்ணீரோடு ஜெபித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன்... அது எனக்கு இதமாக இருந்தது. நான்கு நாள் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிப்போனது. வீட்டுக்கு லேசாக நடந்து வந்தேன்.

பயத்தால் சொன்னேனா? பயமும் இருந்தது. பிள்ளைக்காகவா? அதுவும் கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் அந்தத் தோளில் விழுந்த கைக்காகவும் சொன்னேன். அதை மறைத்தால் இந்தத் தாளை எழுதுவதில் பயன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, தேநீர் மேசை. ஜெரு ஒரு கையில் பிளேன்ரீயும் மறுகையில் கட்லட்டுமாகத் தன் வயதுப் பிள்ளைகளோடு நின்றாள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் இருந்த ஓர் அம்மா நேராக அவளிடம் போய், தலையில் கை வைத்து, எல்லோருக்கும் கேட்க, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையைப் பிடித்திருக்கிற சந்தேகத்தின் ஆவியை விலக்கியருளும்" என்று தொடங்கிவிட்டார். ஜெரு அசையவில்லை. கையை எடுக்க வழியில்லாமல், தேநீர் தளும்பத் தளும்ப நின்றாள். சின்னப் பிள்ளைகள், அவளுடைய வகுப்புப் பிள்ளைகள், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

போகும்போது ஞாயிறு பாடசாலைப் பொறுப்பாளர் அவளைக் கூப்பிட்டு, கொஞ்சக் காலம் வகுப்பு எடுக்காமல் ஓய்வாக இரு என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

ஒழுங்கை முனைவரை அவள் எனக்கு முன்னால் நடந்தாள். பிறகு நின்றாள்.

"அப்பா, நீங்க ஆரிட்டயும் சொன்னனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

"உண்மையா?"

"ஆமெனுக்குப் பிறகு நான் எப்பவாவது வாய் திறந்திருக்கிறனா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடம் நான் காத்த சட்டம், உடைந்த கண்ணாடி, அடிபட்ட சிநேகிதி, எல்லாம் எனக்குச் சாட்சியாக வந்து நின்றன. அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையை நான் நேர்மையாகச் சம்பாதித்திருந்தேன். அதைத்தான் அந்த ஒரு பொய்க்குக் கொடுத்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை. "வயசு போனவை... தனிமை. ஆரும் போன் எடுத்தா, வாய் தடுமாறிச் சொல்லிப்போடுவினம்" என்றேன். பெயர் சொல்லவில்லை. பாருங்கள், இரண்டு தடவையும் நான் பெயரே சொல்லவில்லை!

அடுத்த சனிக்கிழமை ஜெரு கொட்டாஞ்சேனைக்குப் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. அன்ரி எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். நான்தான் எடுத்தேன்.

"பிள்ளைக்குச் சுகமில்லையோ, தம்பி?"

"இல்லை அன்ரி. ஏதோ கோர்ஸ் ஒண்டு தொடங்கியிருக்கிறா. நேரமில்லை."

"சரி" என்று வைத்துவிட்டார்.

முதல் ஞாயிறு வந்தது. அன்ரி ஊன்றுகோலோடு வந்து, ஜெரு இருந்த வாங்கிலே, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெரு எழுந்து வேறு வாங்குக்குப் போனாள். அன்ரி அவளைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். திருவிருந்து எடுக்கும்போது அவருக்கு அருகில்தான் நான் முழந்தாளிட வேண்டிவந்தது. அப்பத்தை வாங்கி விழுங்கினேன். எப்படி விழுங்கினேன் என்று கேட்காதீர்கள்.

வாசலில் ஓட்டோவுக்குக் காத்திருக்கும்போது என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, முப்பத்தொரு வருஷம் எக்ஸ்சேஞ்சில இருந்தனான். கொழும்பில பாதிச் சனத்தின்ர கதை இந்தக் காதுக்குள்ள கிடக்கு. ஒண்டும் வெளியில போகேல்ல. எந்தப் பக்கத்தால கதை போனதெண்டு எனக்குத் தெரியும்."

நான் ஓட்டோ வருகிறதா என்று தெருவைப் பார்த்தேன்.

"பிள்ளை என்னட்டச் சொன்னது உண்மை. நான் புத்தி ஒண்டும் சொல்லேல்ல. எனக்கும் சில நாளையில லைன் கிடைக்கிறேல்லப் பிள்ளை எண்டு சொன்னன். ரெண்டு பேரும் சிரிச்சம். அவ்வளவுதான்." ஓட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்து, ஊன்றுகோலை உள்ளே இழுத்துக்கொண்டார். "நான் அவளிட்டச் சொல்லமாட்டன். பயப்படாதையும். நான் இல்லாட்டி அவளுக்கு ஒரு கிழவி குறையும். நீர் இல்லாட்டி அவளுக்கு அப்பா இல்லை. நீரே சொல்லும். கனக்கப் பிந்தாதையும்."

கனக்கப் பிந்தாதையும். மூன்று வருடம் பிந்தினேன். ஒவ்வொரு முதல் ஞாயிறும் அவர் வந்தார். ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்தார், கோபமில்லாமல், கேட்பதுபோல. இன்னும் இல்லையா... இன்னும் இல்லையா... பிறகு முழங்கால் முற்றாக இயலாமல்போய், வருவதை நிறுத்திவிட்டார். சென்ற வருடம் இறந்துபோனார்.

அடக்கத்துக்குப் புறப்படும்போது, "ஜெரு, நீயும் வாறியா?" என்று கேட்டாள் மலர். ஜெரு உடுப்பு மடித்துக்கொண்டே, "இல்லை அம்மா" என்றாள். பெட்டி தூக்க ஆள் போதவில்லை. ஒரு பக்கம் நான் தூக்கினேன். மயானத்தில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. செருப்பெல்லாம் சிவப்பு மண். வீட்டுக்கு வந்து, குளியலறையில் நீண்ட நேரம் கழுவினேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஜெரு நடமாடும் சத்தம் கேட்டது. அன்றைக்காவது சொன்னேனா? இல்லை!

எங்கள் ஏழு மணி ஜெபம் மட்டும் நிற்கவில்லை. போதகர் சொன்னது சரிதான். இருபத்திரண்டு வயதில், வேலைக்குப் போய்வந்து, ஜெரு இன்றைக்கும் பாயில் உட்காருகிறாள். "இந்த நாளுக்காக நன்றி ஆண்டவரே. அப்பாவையும் அம்மாவையும் ஆசீர்வதியும், ஆமென்." நான்கு வருடமாக ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. 'நீங்க' போய்விட்டது. அவளுக்கு எதிலே பயம், எதிலே ஆசை... ஒன்றும் எனக்குத் தெரியாது. என் அப்பாவின் வீட்டை விட்டு ஓடிவந்து, அதே வீட்டைத்தான் நான் திரும்பக் கட்டியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, நாளைய நிகழ்ச்சியில் திரையில் காட்டுவதற்குப் படம் கேட்டிருந்தார்கள். என் பழைய கைத்தொலைபேசியில் தேடினேன். அன்ரியும் ஜெருவும் கரம் பலகைக்கு இருபக்கமும் இருந்து சிரிக்கும் படம் ஒன்று கிடைத்தது. ஜெருவிடம் காட்டினேன். ஏன் காட்டினேன்?

"அந்தப் படம் வேண்டாம் அப்பா" என்றாள். தொலைபேசியைத் திருப்பித் தந்தபடி, "அவவை நான் எவ்வளவு நம்பினனான்" என்றாள். பிறகு, போதகர் தன்னையும் என்னோடு முன்னால் வந்து நிற்கச் சொன்னதாகச் சொன்னாள்.

"உனக்கு விருப்பமோ?"

"நீங்க கேட்டா வாறன். நீங்க ஒருத்தர்தானே என்னைக் காட்டிக்குடுக்காத ஆள்."

அடுத்த நாள் மருந்துக்கடையில் ஒருவருக்கு வேறொருவரின் மருந்தை எடுத்து நீட்டிவிட்டேன். நல்ல வேளை, அவரே பார்த்துத் திருப்பித் தந்தார். இரண்டு நாள் கடற்கரை வீதியில் தெஹிவளைவரை நடந்து நடந்து திரும்பினேன்.

வியாழக்கிழமை மாலை ஏழு மணி. ஜெரு தன் இரண்டு வரியைச் சொன்னாள். மலர் ஜெபித்தாள். என் முறை வந்தது. நான் எப்போதும் அழகான ஆலயத் தமிழில் ஜெபிக்கிறவன். அன்று அது வரவில்லை.

"ஆண்டவரே... அது நான்தான். ஜெரு உம்மட்டச் சொன்னதைக் கொண்டுபோய் மூப்பர் கூட்டத்தில சொன்னது நான். ஞானம் அன்ரி ஆரிட்டயும் சொல்லேல்ல. ஜெரு கேக்கேக்க பொய் சொன்னனான். பழி அன்ரியில விழவேணும் எண்டுதான் அப்பிடிக் கதைச்சனான். அன்ரிக்கும் தெரியும். என்னை அப்பிடியே விட்டவ. ஆமென்."

கண்ணைத் திறக்கப் பயந்தேன். திறந்தேன். மலர் கையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். ஜெரு என்னைப் பார்க்கவில்லை. பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கதவை அடித்துச் சாத்துவாள், ஏன் அப்பா என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருக்கக்கூடாதா? ஒரு கேள்வி... ஒரே ஒரு கேள்வி!

அவள் எழுந்தாள். பாயைச் சுருட்டி மூலையில் வைத்தாள். "பருப்பைச் சூடாக்கவோ அம்மா?" என்று கேட்டுக்கொண்டு குசினிக்குப் போனாள். ஆமெனுக்குப் பிறகு கேள்வி இல்லை. நான் உடைத்த சட்டத்தை அவள் காத்தாள்.

மலர்தான் பிறகு என்னிடம் வந்து, "அந்த மனுசி செத்துப்போச்சே..." என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் என்ன செய்தேன் என்று. நான் இறக்கிவைத்தேன், அவள் தூக்கிக்கொண்டாள்! மூன்று வருடம் ஒரு குற்றமில்லாத மனுசிக்கு முகம் கொடுக்காமல் வாங்கு மாறி உட்கார்ந்தது இனி அவளுடையது. போகாத சாவீடு அவளுடையது. மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. அன்ரி உயிரோடு இருக்கும்போது நான் வாய் திறந்திருந்தால், அவள் மரப்படியில் ஓடி ஏறியிருப்பாள். அன்ரி ஏதாவது பொல்லாத பகிடி விட்டிருப்பார். கரம் பலகையை எடுத்திருப்பார்கள்.

இப்போதுகூட யோசிக்கிறேன்... வியாழக்கிழமை நான் சொன்னது அவளுக்காகவா, அல்லது அந்தச் சிறிய அறையில் போல, என் நெஞ்சு லேசாவதற்காகவா? இம்முறை லேசாகவும் இல்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. ஏழு மணிக்குப் பாயில் வந்து உட்கார்ந்தாள். அவள் முறை. ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ரயில் போனது. இன்னொன்றும் போனது. மலர் என்னைப் பார்த்தாள். கடைசியில் "ஆமென்" என்றாள். அந்த ஒரு சொல்தான். அதற்கு முன்னால் மனதுக்குள் என்ன சொன்னாள், யாரிடம் சொன்னாள், எதையாவது சொன்னாளா... தெரியாது.

இன்று சனிக்கிழமை. காலையில் ஒன்றும் சொல்லாமல் வெளியே போனாள். பின்னேரம் வந்தாள். நான் இந்த மேசையில்தான் இருந்தேன். அவள் குளியலறைக்குப் போனாள், தண்ணீர் நீண்ட நேரம் ஓடியது. வெளியே வந்தபோது கையில் கழுவிய செருப்பு. வாசலில் அவள் கழற்றி வைத்த இடத்தில் சிவப்பு மண் ஒட்டியிருக்கிறது. அது எந்த மண் என்று எனக்குத் தெரியும்.

நாளைக்கு அவள் என்னோடு முன்னால் வந்து நிற்பாளா? போதகருக்கு நான் என்ன சொல்வது? தாளில் பேச்சு ஒன்றும் இல்லை, இதுதான் இருக்கிறது. இதை உங்கள் முன்னால் வாசித்தால், அவளுடைய ஜெபத்தை இரண்டாம் தடவையும் கூட்டத்தில் போட்டவன் ஆவேன். வாசிக்காமல் வேறு பேசினால்... அதையும் என்னால் முடியாது. அவளிடம் கேட்டுத்தான் செய்யவேண்டும். கேட்பதற்கு எனக்கு வாய் இல்லை.

மலர் வீட்டில்தான் இருக்கிறாள், ஆனால் பாய் விரிக்கும் சத்தம் ஜெருவுடையது. எனக்குத் தெரியும், அவள் ஒரு மூலையை உதறி விரிப்பாள்.

"அப்பா, ஏழு மணியாகுது."

குரலை வைத்து ஒன்றும் சொல்லமுடியவில்லை. "வாறன் பிள்ளை" என்கிறேன். இன்னும் எழும்பவில்லை.